எதிர்வீடு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் இரண்டு சோதனைகளோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் காலத்தில் முனிசிபாலிட்டியும் ஆட்சேபணை மனுவும் இருந்திருந்தால் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருப்பார்கள்: "அடுத்தவன் வீடு கட்டுவதைத் தடுத்துப் பார்." முதல் இரண்டிலும் பணம் கரையும், மனுஷன் இளைத்துப் போவான். மூன்றாவதில் செலவே கிடையாது. பத்துப் பேர் கையெழுத்தும், மனு எழுதத் தெரிந்த ஒருவனும் கிடைத்தால் போதும்.

மனு எழுதத் தெரிந்தவன் என்ற ஹோதாவில்தான் என் பால்ய சிநேகிதர் ஒருவர் சென்ற வருஷம் என்னைத் தேடிக்கொண்டு ஆரணிக்கு வந்தார். அவருக்கும் சொந்த ஊர் இதுதான். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, தறிக்காரர் மகன். படித்து, உத்தியோகம் பார்த்து, ஓய்வு பெற்று, இப்போது வேறொரு பெரிய ஊரில், வயலை மனை போட்டு விற்ற ஒரு புது 'நகரில்' மாடி வீடு கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார். கடன் வாங்கினால் சொன்ன தேதியில் திருப்பிக் கொடுப்பார். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் போய் நிற்பார். இதை எல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு அவரைத் துஷ்டர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அவர் வீட்டுக்கு எதிரே சர்க்கார் தரிசு ஒன்று கிடக்கிறதாம். அதில் ஏழைகளுக்கு அடுக்குமாடி வீடுகள் கட்டப் போகிறார்கள் என்று பேச்சாம். விஷயம் கௌன்சிலுக்கு வருவதற்கு முன்னாலேயே எதிர்ப்பைத் தெரிவித்துவிட வேண்டும் என்று நகர்வாசிகள் கூடித் தீர்மானித்திருக்கிறார்கள்.

"நீ கதை எழுதறவன். நாலு வரி உருக்கமா எழுதிக் குடுப்பா" என்றார்.

கையோடு ஒரு குறிப்பும் கொண்டுவந்திருந்தார். ஒன்று, குடிதண்ணீர் இப்போதே போதவில்லை. இரண்டு, சாக்கடை வசதி கிடையாது. மூன்று, சாலை குறுகல். நான்கு, குழந்தைகள் விளையாட வேறு இடமில்லை. ஐந்து, பகுதியின் அமைதியும் பண்பாடும் கெடும்.

முதல் நாலும் எனக்குப் புரிந்தன. "ஐந்தாவதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டேன்.

"உனக்குத் தெரியாததா? அந்த ஜனங்க வந்தா எப்படி இருக்கும்னு."

"எந்த ஜனங்க?"

சிநேகிதர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். காலண்டரில் அதற்குப் பதில் இல்லை.

'அந்த' என்பது தமிழில் ஒரு சுட்டுச் சொல் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குள் ஜாதி, வறுமை, கிழிந்த சட்டை, உரத்த பேச்சு எல்லாவற்றையும் மடித்து வைத்துவிடலாம் என்பதை வாழ்க்கைதான் சொல்லிக்கொடுத்தது. ஜாதியை மனுவில் எழுத முடியாது. எழுதினால் சட்டம் கேட்கும். ஆகவே தண்ணீரை எழுதுகிறோம்.

ஆரணியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு ஆரணி என்றால் பட்டும் அரிசியும். கமண்டல நாகநதிக் கரையில் உள்ள இந்த ஊருக்கு ஒரு கோட்டையும் உண்டு, ஜாகீர்தார்களின் சரித்திரமும் உண்டு. 1751-ஆம் வருஷம் கிளைவ் இங்கே ஒரு சண்டை போட்டு ஜெயித்தான். ஆனால் ஊர் பிழைத்தது சண்டையினால் அல்ல, தறியினால்தான். ஊருக்குள்ளும், சுற்றியுள்ள ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் முதலிய இடங்களிலும் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆரணிப் பட்டுக்கு இன்று புவிசார் குறியீடுகூட இருக்கிறது.

நெசவாளிக்கு வீடு என்பது நம் வீடு மாதிரி இல்லை. தறிக்கு ஒரு வீடு இருக்கும். அதில் மிச்சமுள்ள இடத்தில் குடும்பம் இருக்கும். தரையில் குழி வெட்டி, அதற்குள் காலை விட்டுக்கொண்டு, தரை மட்டத்தில் உட்கார்ந்து மிதியை மிதித்து நெய்ய வேண்டும். தலைக்கு மேலே ஜக்கார்டுப் பெட்டி. அதற்கு உயரமான கூரை வேண்டும். வெளிச்சம் வேண்டும். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறிவிட்டால் தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பும் நிற்கும். என் சிநேகிதர் வீட்டில் ஒரு தறி, ஏழு பேர். இரவில் தறிக்குக் கீழே இரண்டு பேர் தலை வைத்துப் படுப்பார்கள். அவர் அப்படிப் படுத்துத்தான் பரீட்சைக்குப் படித்தார்.

அவருடைய தகப்பனார் ஒரு சமயம் அந்த வீடு போதாமல் வேறு வீடு பார்க்கக் கிளம்பினார். நெசவாளர் தெருவைத் தாண்டி எங்கே கேட்டாலும் ஒரே பதில்தான்: "தறிக்காரருக்கு வீடு இல்லை." காரணங்களும் சொன்னார்கள். தரையில் குழி தோண்டுவான். விடியற்காலையிலேயே சத்தம் போடுவான். வாசலில் இழையைப் போட்டு வழியை அடைப்பான். எல்லாம் உண்மைதான். ஒரு காரணமும் பொய் இல்லை. பையன்களாக இருந்த நாங்கள் இருவரும் அவர் பின்னாலேயே போய் அந்தப் பதிலை மூன்று வாசல்களில் கேட்டோம். மூன்றாவது வாசலில் அவர் "சரிங்க" என்று சொல்லிவிட்டு, மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பிறகு கூட்டுறவுச் சங்கத்தின் மூலமாக, கடனும் மானியமுமாக அவர்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. அந்தப் பணம் வந்த வழியைச் சொல்ல வேண்டும். 1953-இல் மத்திய சர்க்கார் ஒரு சட்டம் போட்டு, மில் துணியின் மேல் ஒரு சிறு தீர்வை விதித்தது. கதரும் கைத்தறியும் பிழைக்க அந்த நிதி. கைத்தறிக்கு விற்பனைத் தள்ளுபடி, சங்கங்களுக்கு மூலதனம் என்று அது பல வழியில் பயன்பட்டது. நெசவாளர்களுக்கு வீட்டுக் காலனிகளும் எழுந்தன. தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் 'நெசவாளர் காலனி' என்று ஒரு பகுதி இன்றும் இருப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். அதாவது, தேசம் முழுவதும் மில் வேட்டி வாங்கிக் கட்டிய முகம் தெரியாத மனுஷர்கள் கெஜத்துக்கு இத்தனை என்று காசு கொடுத்து, நெசவாளிகளுக்குக் கூரை போட உதவினார்கள்.

இதைச் சிநேகிதருக்கு ஞாபகப்படுத்தினேன்.

"அது வேற, இது வேற. நாங்க உழைச்சுச் சாப்பிட்டவங்க" என்றார்.

"எதிர்ல வரப்போறவங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் பதில் அவருக்கே தெரியும். அவருடைய மாடிக்குக் கலவை சுமந்தவர்கள் யார்? காலையில் வந்து பாத்திரம் தேய்த்துக் கொடுக்கிற அம்மாள் எங்கிருந்து வருகிறாள்? காஸ் சிலிண்டரைத் தோளில் ஏற்றி மாடிக்குக் கொண்டுவருகிற பையன் இரவில் எங்கே போய்ப் படுக்கிறான்? அவர்கள் எல்லோரும் தினமும் அந்த நகருக்குள் வருகிறார்கள், யாரும் தடுப்பதில்லை. வந்தால் குற்றமில்லை, சாயங்காலம் திரும்பிப் போய்விட வேண்டும். ஆட்சேபணை ஆட்களின்மேல் அல்ல, அவர்கள் அங்கே தூங்குவதன்மேல்தான்.

இது நம் ஊர் வியாதி மட்டும் அல்ல. 2008-ஆம் வருஷம் சிங்கப்பூரில் சிராங்கூன் கார்டன்ஸ் என்ற வசதியான பகுதியில், மூடிக்கிடந்த ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தை வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு விடுதியாக்க அரசாங்கம் யோசித்தது. சுமார் 1,600 பேர் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். போக்குவரத்து நெரியும், சொத்து மதிப்பு இறங்கும், பெண்டு பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இருக்காது. சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளி என்றால் அதில் தஞ்சாவூரும் புதுக்கோட்டையும் உண்டு, நம் பக்கத்துப் பையன்களும் உண்டு. அந்த தேசத்து ஜனங்களில் பத்தில் எட்டுப் பேர் அரசாங்கம் கட்டிய அடுக்கு வீடுகளில் இருக்கிறார்கள். அந்த வீடுகளைக் கட்டும் கைகள் பெரும்பாலும் இந்த மாதிரி வெளிநாட்டுப் பையன்களுடையவை. கடைசியில் அரசாங்கம் விடுதியைக் கைவிடவில்லை. ஆனால் ஆயிரம் பேர் என்பதை அறுநூறாகக் குறைத்து, தொழிலாளர்கள் குடியிருப்புக்குள் வராமலே போய்வரத் தனிச் சாலை ஒன்றைப் போட்டுக் கொடுத்தது. விடுதியும் வந்தது, மனுவும் ஜெயித்தது. 'ஊரும் சேரியும்' என்று நாம் எத்தனையோ காலமாக வைத்திருக்கும் ஏற்பாட்டை அங்கே தார் போட்டுச் செய்தார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாகாணத்தில் மவுண்ட் லாரல் என்று ஓர் ஊர். அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்த கறுப்பினக் குடும்பங்கள் சில, கோழிக் கொட்டகைகளைத் திருத்தி அமைத்த குடில்களில்கூடக் குடியிருந்தன. ஊரில் மனை விலை ஏறிற்று. 1970-இல் அந்த ஜனங்கள் குறைந்த வாடகைக்கு 36 வீடுகள் கட்டிக்கொள்ள அனுமதி கேட்டார்கள். ஊர் மேயர் அவர்களுடைய மாதாகோவிலுக்கே வந்து, இந்த ஊரில் வாழக் கட்டுப்படியாகாவிட்டால் வேறு ஊருக்குப் போய்விட வேண்டியதுதான் என்ற அர்த்தத்தில் பேசிவிட்டுப் போனார். எதெல் லாரன்ஸ் என்ற அம்மாள் விடவில்லை. வழக்கில் முன்னால் நின்றார். 1975-இல் மாகாண உச்ச நீதிமன்றம், ஓர் ஊர் தன் கட்டட விதிகளைக் கொண்டு ஏழைகளை வெளியே நிறுத்தக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. 1983-இல் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அம்மாள் 1994-இல் இறந்துபோனார். அவர் பெயரிலேயே எழுந்த வீடுகளில் முதல் குடும்பங்கள் குடியேற 2000-ஆம் வருஷம் ஆயிற்று. முப்பது வருஷம்! நம் கோர்ட்டுகளைப் பற்றி மட்டும் குறை சொல்லுகிறவர்கள் இதையும் கணக்கில் வைக்கலாம்.

அதற்குப் பின்னால் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. டக்ளஸ் மாஸி என்ற சமூகவியல் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் அந்தக் குடியிருப்பை ஆராய்ந்து 2013-இல் ஒரு புஸ்தகம் வெளியிட்டார்கள். சுற்றுப்புறத்தில் குற்றம் பெருகவில்லை. வீட்டு விலை இறங்கவில்லை. வரி ஏறவில்லை. குடிவந்தவர்களுடைய வாழ்க்கை மட்டும் முன்னைவிட நன்றாக ஆயிற்று. பயந்தவர்கள் பயந்தது ஒன்றும் நடக்கவில்லை.

எல்லா ஊரும் 'இங்கே வேண்டாம்' என்று சொன்னால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 1970-இல் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்ட புதிதில், குடிசை இருந்த இடத்திலேயே மூன்று, நான்கு மாடி வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். நகரத்தின் நடுவில் அவற்றில் சில இன்றும் நிற்கின்றன. பிறகு நகரத்துக்குள் நிலம் கிடைக்கவில்லை என்றார்கள். கிடைக்காமல் போனது யாருக்கு என்பது தனிக் கேள்வி. அலுவலகங்களுக்கும் வியாபாரத்துக்கும் நிலம் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. 2000-ஆம் வருஷத்தை ஒட்டித் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் என்று 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. அடுத்துப் பெரும்பாக்கத்தில் இன்னும் பெரிதாக ஒன்று. ஜனங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினார்கள். வேலை நகரத்தில் இருந்தது, வீடு வெகு தூரத்தில் இருந்தது. கொஞ்ச காலத்தில் அந்த முகவரியே ஒரு வசையாகிவிட்டது. வேலைக்கு மனுப் போடும் பையன்கள் கண்ணகி நகர் என்று எழுதப் பயந்து உறவினர் முகவரியை எழுதினார்கள். 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடிக் குழு தங்கம் வென்றபோது, அதில் விளையாடிய கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண் என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. படித்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால், ஒரு பெண் தங்கம் ஜெயித்தால்தான் ஒரு முகவரியை வாய்விட்டுச் சொல்லலாம் என்றால், மற்றப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

இத்தனையும் சொன்ன பிறகு, மனுவிலிருந்த முதல் நாலு ஆட்சேபணைகளையும் தள்ளிவிட எனக்கு மனம் இல்லை. தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்தவனுக்குத்தான் தண்ணீர்க் கவலை தெரியும். சாக்கடை இல்லாத இடத்தில் இன்னும் நூறு குடும்பம் வந்தால் நாற்றம் வரும். அது எவர் வீட்டு நாற்றமாக இருந்தாலும் நாற்றம்தான். சிநேகிதரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். அதே தரிசில் ஒரு கம்பெனி வந்து, நீச்சல் குளத்தோடு, காவற்காரனோடு, நூறு வீடுகள் கட்டுவதாக இருந்தால், தண்ணீரைப் பற்றி மனு எழுத என்னிடம் வந்திருப்பாரா? அவர் சிரித்துவிட்டார். யோக்கியமான மனுஷர், பொய் சொல்ல வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஏழைக்கென்று கட்டும் வீட்டை ஏழையே வேண்டாம் என்று சொல்லும் சந்தர்ப்பமும் வருகிறது. காஞ்சீபுரத்தில் வேகவதி ஆற்றங்கரையில் குடியிருந்தவர்களுக்காகக் கீழ்க்கதிர்ப்பூரில் 2,112 வீடுகள் கட்டினார்கள். ஆற்றோரத்து ஜனங்களில் பலர் போக மறுத்தார்கள். பிழைப்பு ஊருக்குள்ளே இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இங்கே இருக்கிறது என்பது அவர்கள் கட்சி. இதைக் கேட்டு, "பார், இலவசமாகக் கொடுத்தாலும் அவர்களுக்கு வேண்டியதில்லை" என்று பேசுகிறவர்கள் உண்டு. நெசவு ஊரில் பிறந்தவனுக்கு அது வேறு மாதிரி கேட்கும். நாலாவது மாடியில் குழித்தறிக்கு எங்கே குழி தோண்டுவது? கீழ்வீட்டுக்காரன் தலையிலா? சுமார் 400 சதுர அடியில் தறியை வைப்பதா, தாயாரை வைப்பதா?

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் இரண்டு கதையும் ஒன்றுதான். எதிர்வீட்டுக்காரர்கள் மனு எழுதுகிறார்கள். கௌன்சிலர்கள் அந்த மனுவைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். என்ஜினீயர் படம் போடுகிறார். குடியிருக்கப் போகிறவன் மட்டும் எந்த அறையிலும் இல்லை. அவனுக்கு அந்த வார்டில் இன்னும் ஓட்டு இல்லை. அவன் பெயரே இன்னும் யாருக்கும் தெரியாது. எதிர்க்கிறவனுக்கு முகவரி இருக்கிறது. எதிர்க்கப்படுகிறவனுக்கு அந்த முகவரிதான் தேவையாக இருக்கிறது. எண்ணிப் பார்த்துத் தீர்மானம் செய்யும் சபையில், எண்ணிக்கையில் சேராதவனுக்காக யாராவது ஒருவர் பேசியாக வேண்டும். அது அவனுக்கு எதிரே வீடு வைத்திருப்பவராக இருந்தால் எத்தனை நன்றாக இருக்கும்!

அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து சிநேகிதருக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். அவர் கேட்ட மனு இல்லை. எதிரே வரும் வீடுகளுக்கும் எங்கள் வீடுகளுக்கும் சேர்த்துப் போதுமான தண்ணீர்த் தொட்டி கட்ட வேண்டும். சாக்கடையை முதலில் முடித்துவிட்டுக் கட்டடத்தைத் தொடங்க வேண்டும். பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு விளையாட்டிடம் விட வேண்டும். பஸ் வர வேண்டும். குடிவரப் போகிறவர்கள் என்ன தொழில் செய்கிறார்கள் என்று கேட்டு, அதற்கு ஏற்றபடி கீழ்த்தளத்தை அமைக்க வேண்டும் என்று எழுதினேன். ஐந்தாவது விஷயத்தை விட்டுவிட்டேன். உருக்கமாக இருந்ததா என்று தெரியாது. அவர் இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுல எங்க ஆளுங்க கையெழுத்துப் போட மாட்டாங்கப்பா" என்றார். "நீ போடுவியா?" என்று கேட்டேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டார். போட்டாரா, இல்லையா என்று நான் இதுவரை கேட்கவில்லை. அவர் சொல்லாததைத் துருவிக் கேட்பது சிநேகிதத்துக்கு அழகல்ல.

ஆரணிப் பக்கத்து நெசவாளர் தெருக்கள் சிலவற்றில் இன்றும் விடியற்காலையில் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். மூன்று நாலு சேலைக்கான பாவை வாசலில் நீட்டிக் கட்டி, இழை இழையாகச் சரி பார்ப்பார்கள். ஒரு வீட்டு வாசலில் அது அடங்காது. நாலைந்து வீடுகளின் வாசலைக் கடந்து போகும். யாருடைய பாவு ஆனாலும், அதற்கு அடுத்த வீட்டுக்காரன் வாசல் வேண்டும், அதற்கும் அடுத்த வீட்டுக்காரன் வாசல் வேண்டும். கோலம் போட வந்த பெண்கள் குனிந்து பாவுக்கு அடியில் புகுந்து போவார்கள். பால்காரன் சைக்கிளைச் சுற்றிக்கொண்டு போவான். எட்டு மணிக்குள் பாவைச் சுருட்டி எடுத்துவிடுவார்கள், தெரு பழையபடி ஆகிவிடும். நாளைக்கு வேறொரு வீட்டுப் பாவு வரும். வழியை அடைக்கிறான் என்று அங்கே ஒருவரும் மனுக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.